பைக்குள் நின்ற மூச்சு

மத்தியானம் பன்னிரண்டரைக்கு ஊதி முடித்த பாக்பைப்பின் பை, பின்னேரம் நாலு மணியாகியும் சரியவில்லை.

ராகவி முதலில் அதைக் கவனிக்கவே இல்லை. கராஜுக்குள் கம்பளித் தொப்பியோடு உட்கார்ந்து, மரப் புல்லாங்குழலை மூன்று துண்டாகக் கழற்றி, உட்சுவரில் பாதாம் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். சிட்னியில், கெல்லிவில் வீட்டின் இந்தக் கராஜில் கார் நின்று மூன்று வருடமாகிறது. கார் பாவம், மழையிலும் வெயிலிலும் வெளியில் கிடக்க, உள்ளே சுவரெல்லாம் கறுப்பு ஸ்பொஞ்ச் ஒட்டி, மைக் நட்டு, புருஷனும் மனைவியுமாய்க் கருவிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். ஜூலைக் குளிரில் அவளுடைய மூச்சு புகையாய்ப் போனது. எண்ணெய்த் துணியைத் தேடித் தலையை நிமிர்த்தியபோதுதான் எதிர்க் கதிரையில் அது புடைத்துக்கொண்டு இருப்பதைக் கண்டாள். தேத்தண்ணி வரும் என்று காத்திருக்கிற விருந்தாளி மாதிரி நிமிர்ந்து இருந்தது.

ஆட்டுத்தோல் பை எப்படிப்பட்டது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். ஊதுகிறவர் வாயை எடுத்து அக்குளை விரித்ததும், சீவாளிகள் வழியே காற்றுக் கசிந்து, ஒரு முக்கல் முக்கிவிட்டு, இரண்டு நிமிடத்தில் பழைய சாக்குப் போல் விழுந்துவிடும். மூன்றரை மணி நேரம் காற்றை வைத்திருக்கும் பை எங்கேயும் இல்லை. இருந்திருந்தால் அவள் புருஷன் யதுர்சன் அதைப்பற்றி சிட்னி முழுக்கச் சொல்லித் திரிந்திருப்பான்.

எழும்பிப் போய் உள்ளங்கையால் அமத்தினாள். ஊதுகுழாய் வழியாகக் காற்று வந்து அவள் மணிக்கட்டின் உட்பக்கத்தில் பட்டது. சூடாக இருந்தது. ஈரமாகவும் இருந்தது. முதலில் நனைந்த தோல் மணத்தது. அதற்கு அடியில் இன்னொரு மணம். ஆஸ்பத்திரியில் தூக்கப் பரிசோதனைக்கு வருகிறவர்களின் முகமூடியை விடியக் கழற்றும்போது வருமே, இரவெல்லாம் மூடிக் கிடந்த வாயின் மணம், அது.

கையை இழுத்துக்கொண்டாள். பையில் அவள் அமத்திய பள்ளம் ஆறுதலாக மேலே எழும்பி நிரம்பியது.

குளிருக்குத் தோல் இறுகியிருக்கும் என்று சொல்லிக்கொண்டு அவள் குசினிக்கு வந்தாள். ஓடி வரவில்லை. ஆனால் குழலின் நடுத்துண்டை அங்கேயே விட்டுவிட்டு வந்திருந்தாள்.

ராகவிக்கு மூச்சுத்தான் தொழில். பதினாலு வருடமாக ஆஸ்பத்திரி ஒன்றின் நுரையீரல் பரிசோதனைக் கூடத்தில், வருகிறவர்களின் வாயில் குழாயை வைத்து “ஊதுங்கோ, ஊதுங்கோ, இன்னும், இன்னும்” என்று விரட்டுகிற வேலை. அந்த வாயால் சொந்தப் புருஷனையும் விரட்ட வேண்டி வந்தது போன வருடம். யதுர்சனுக்கு நியூமோனியா. பதினொரு நாள் வென்டிலேட்டரில் கிடந்து, பிழைத்து வீட்டுக்கு வந்தபோது பாதி நுரையீரல்தான் வேலை செய்தது. படியில் ஏறினால் நடுவில் குந்துவான். அந்தப் பதினொரு நாளும் இயந்திரத்தின் சத்தத்தை எண்ணிக்கொண்டிருந்தவள் அவள். இனி ஒருதரம் அப்படி எண்ணுவதென்றால் தான் செத்துவிடலாம் என்று நினைத்திருந்தாள்.

இருவரையும் சேர்த்து வைத்ததே இந்த ஐரோப்பிய நாட்டுப்புற இசைப் பைத்தியந்தான். அவளுக்கு மரக்குழல், அவனுக்குப் பாக்பைப். பத்து வருடச் சண்டையும் அதேதான்.

“உங்கட பாக்பைப் மூச்சு விடாமல் கதைக்கிற ஆள் மாதிரி. மற்ற ஆளைக் கதைக்க விடாது” என்பாள் அவள்.

“உம்மட குழல் பாதி நேரம் மூச்சு வாங்கத்தான் நிக்குது. அதுக்குப் பேர் வாசிப்போ?” என்பான் அவன்.

உண்மையும் அதுதான். குழலில் வாசிக்கிறவர் மூச்செடுக்க இசை நின்றாக வேண்டும். பாக்பைப்பில் நிற்காது, வாய் மூச்செடுக்கும்போது விரல் ஓடுகிற பாட்டுக்குழலுக்கும் ஒரே ஸ்வரத்தில் நிற்கிற ஒத்துக்குழலுக்கும் பை காற்றைக் கொடுத்துக்கொண்டிருக்கும்.

வருத்தம் மாறியபின் அவன் கண்டெடுத்ததுதான் இந்தக் கலிசியப் பாக்பைப். ஸ்பெயினின் வடமேற்கு மூலையில் செய்தது, முழு ஆட்டுக்குட்டித் தோல். வூலங்கொங்கில் ஒரு வீடு காலி செய்தபோது பெட்டியோடு வாங்கி வந்தான். ஊதிப் பார்த்தான், கண் இருண்டது. ராகவிதான் ஊதுகுழாயைக் கழற்றிப் பார்த்தாள். குழாயின் அடியில், பைக்குள் இருக்கும் நுனியில், பெருவிரல் நகமளவு தோல் மடல் ஒன்று இருக்கும். ஊதினால் திறக்கும், விட்டால் மூடும். உள்ளே போன காற்று வாய்க்குத் திரும்பி வராது. எல்லாப் பாக்பைப்பிலும் ஒன்று. இதில் இரண்டு இருந்தன. ஒன்றின் மேல் ஒன்றாக, தடித்த தோலில், மெழுகு நூலால் சுற்றிச் சுற்றிக் கட்டி.

“ஆரோ பயந்தாங்கொள்ளி கட்டியிருக்கு. இவ்வளவு தடை இருந்தா யானைதான் ஊத வேணும்” என்றாள். தடை என்றால் என்ன என்று அவளை விட யாருக்குத் தெரியும்? சீவாளி சீவும் கத்தியால் நூலை வெட்டி இரண்டு மடலையும் எடுத்து மேசை லாச்சிக்குள் போட்டாள். மடலே இல்லாமல் நாக்கால் குழாயை அடைத்து வாசிக்கிறவர்களும் இருக்கிறார்கள். யதுர்சன் அப்படி வாசிக்கப் பழகினான்.

அது மூன்று கிழமைக்கு முந்திய கதை. மறுநாளே ஐந்து நிமிடம் வாசித்தான். ஒரு கிழமையில் இருபது நிமிடம். படியில் இரண்டிரண்டாக ஏறினான். ராகவி குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு, சந்தோசத்தில் அழுதாள்.

இப்போது குசினி மேசையில் மடிக்கணினியைத் திறந்து, ஹெட்போனை மாட்டினாள். அடுத்த மாதம் பரமட்டாவில் அவர்களுடைய இசைக் கழகத்தில் ஒப்பிட்டுக் காட்ட வேண்டும்: ஒரே நடன மெட்டு, மூன்று மரக்குழலில், பிறகு பாக்பைப்பில். காலையில் யதுர்சன் இனிப்பு வாங்க ஹரிஸ் பார்க் போயிருந்த நேரம் அவள் தனியே குழல்களைப் பதிவு செய்திருந்தாள். பாக்பைப் கதிரையில் கிடந்தது.

முதலாவது பதிவு. மெட்டு, நிறுத்தம், அவளுடைய சின்ன மூச்சிழுப்பு, மறுபடி மெட்டு. சரி. இரண்டாவது பதிவில் நிறுத்தம் வந்தது, அவள் மூச்சிழுப்பது கேட்டது. அதற்குப் பின்னால் இன்னொன்று கேட்டது. நீளமாக, ஆறுதலாக. எதிரொலி என்று நினைத்தாள். ஸ்பொஞ்ச் ஒட்டிய அறையில் எதிரொலி ஏது? இடது காதில் மட்டும் கேட்டது. இடது மைக்குக்குப் பக்கத்தில்தான் கதிரை. மூன்றாவது பதிவில் அந்த மூச்சு அவளுடைய மூச்சோடு சேர்ந்தே வந்தது. கடைசி நிறுத்தத்தில் அது முந்திக்கொண்டது. அவள் எந்த இடத்தில் நிறுத்துவாள் என்று அதற்குத் தெரிந்திருந்தது.

பதிவை நிறுத்தினாள். யதுர்சன் மத்தியானம் வாசித்த பதிவைப் போட்டாள். எவ்வளவு கெட்டிக்காரன் வாசித்தாலும் பாக்பைப் பதிவில் ஊதுகிறவனின் மூக்குச் சத்தம் கேட்கும். அவர்கள் அதை அழிக்கத்தான் பாடுபடுவார்கள். ஏழு நிமிடப் பதிவு. ஒலியைக் கூட்டிக் கூட்டிக் கேட்டாள். விரல்கள் துளையில் தட்டுவது கேட்டது. சட்டை உரசுவது கேட்டது.

ஏழு நிமிடமும் அவன் ஒருதரமும் மூச்செடுக்கவில்லை.

கொடியில் காய்ந்த உடுப்பை எடுக்கிற சாக்கில் பின்வளவுக்குப் போனாள். வெளிக்காற்று வேண்டியிருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் கிருஷ்ணசாமி அங்கிள், கோயம்புத்தூர்க்காரர், கறிவேப்பிலைத் தொட்டிக்குக் குளிர் படாமல் கோணி சுற்றிக்கொண்டிருந்தார்.

“என்னம்மா, வீட்டுக்காரருக்கு உடம்பு சுத்தமா தேறிடுச்சு போல? வியாழக்கிழமை ரெண்டு மணி நேரம் விடாம வாசிச்சாரே.”

“வியாழக்கிழமையோ? அவர் ஒஃபிசுக்கெல்லோ போனவர், அங்கிள்.”

“அப்படியா?” கிருஷ்ணசாமி நிமிர்ந்தார். “இல்லியே, கராஜ்லதான் கேட்டுச்சு. பாட்டுன்னும் சொல்ல முடியாது, ஒரே ஸ்வரம். எங்க வீட்ல அவங்களே கேட்டாங்க, இந்தப் பையன் மூச்சே விட மாட்டானான்னு.” சிரித்தார். ராகவியின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார்.

ஐந்து மணிக்கே இருட்டிவிட்டது. அவள் மாடிக்கு ஏறினாள். யதுர்சன் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு படுத்தவன், இன்னும் மல்லாந்து கிடந்தான். வாசலில் நின்று போர்வையைப் பார்த்தாள். தொழில் பழக்கம், நெஞ்சு ஏறுவதையும் இறங்குவதையும் எண்ணுவது. எண்ண ஒன்றும் இருக்கவில்லை. பத்து. இருபது. நாற்பது. போர்வையின் மடிப்பு ஒன்றுகூட அசையவில்லை.

“யது?”

“என்னப்பா?” கண்ணைத் திறக்காமலே உடனே பதில் வந்தது. நித்திரைக் குரல் இல்லை. நிறைந்த, வட்டமான குரல்.

“ஒருக்கா எழும்புங்கோ. மாதப் பரிசோதனை செய்வம்.”

“எனக்கு ஒண்டும் இல்லை, ராகவி.”

“எனக்காக.”

வேலையிலிருந்து கொண்டுவந்திருந்த மூச்சளக்கும் கையடக்க ஸ்பைரோமீட்டரை எடுத்தாள். போன மாதம் இரண்டரை லீட்டர் ஊதினான். நல்ல சுகமாக இருந்த காலத்தில் நாலரை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து குழாயை வாயில் வைத்தான். முதலில் ஆழமாக இழுக்க வேண்டும் என்று அவள் சொல்ல வாயெடுக்குமுன் ஊதத் தொடங்கிவிட்டான்.

இரண்டு லீட்டர். நாலு. வளைவு மேலே போய்ச் சரிந்து தட்டையாக வேண்டும், எல்லோருக்கும் அப்படித்தான். இது சரியவில்லை. ஆறு. ஒன்பது. அவன் கன்னம் உப்பவில்லை, முகம் சிவக்கவில்லை. அவளையே பார்த்துக்கொண்டு ஊதினான். பன்னிரண்டு. அறையில் அந்த மணம் வந்தது. மூடிக் கிடந்த வாயின் மணம். பதினாறில் இயந்திரம் கீச்சிட்டு, பிழை, மீண்டும் முயல்க என்று எழுத்துக் காட்டியது.

அவன் நிறுத்தவில்லை. குழாயை அவள்தான் பிடுங்கினாள்.

“இன்னும் இருக்கு” என்றான் யதுர்சன்.

“எப்ப... எப்ப நீங்கள் மூச்சு எடுக்கிறனீங்கள்?”

அவன் யோசித்தான். உண்மையாகவே ஞாபகப்படுத்திப் பார்த்தான். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. “தேவைப்படேல்லை. அது தருதெல்லோ” என்றான். பிறகு, “கீழ போய் ஒருக்கா வாசிப்பம்” என்று எழும்பினான்.

“இருங்கோ. நான் முதல் போய் ஹீற்றரைப் போடுறன். குளிர்” என்றாள். குரல் நடுங்காமல் சொல்லிவிட்டாள். படியில் சத்தம் வராமல் இறங்கினாள்.

தான் திறந்துவிட்ட கதவைத் தானே மூட வேண்டும். வேறொன்றும் அவளுக்குத் தோன்றவில்லை. கராஜின் லைட்டைப் போட்டு, லாச்சியை இழுத்து, இரண்டு மடல்களையும் எடுத்தாள். ஊதுகுழாயைப் பையிலிருந்து முறுக்கிக் கழற்றினாள். இரண்டு விரல் போகுமளவு ஓட்டை. காற்றுப் பீறிட வேண்டும். பீறிடவில்லை. பை அப்படியே இருந்தது. ஓட்டைக்குள் இருட்டு. அதைப் பார்க்காமல் குழாயின் நுனியில் மடல்களை வைத்து மெழுகு நூலைச் சுற்றினாள். பழைய ஆள் கட்டிய மாதிரியே, சுற்றிச் சுற்றி. இப்போது அந்த ஆளைப் பயந்தாங்கொள்ளி என்று நினைக்கவில்லை. குழாயைத் திரும்பச் சொருகியதும் பை ஒரு பெருமூச்சோடு தளர்ந்து மடிந்தது.

முடிந்தது என்று நினைத்தாள். நெஞ்சுக்குள் ஒரு ஆறுதல் வந்தது.

யதுர்சன் பின்னால் வந்து நின்றான். அவளைக் கடந்து கையை நீட்டிப் பையை எடுத்து, அக்குளில் வைத்து, குழாயை வாயில் கவ்வினான். அவள் தடுக்கவில்லை. ஊதட்டும், இனிமேல் அது திரும்பி வராது என்று நினைத்தாள். அதுதான் அவள் விட்ட இரண்டாவது பிழை.

ஊதினான். பை எழும்பியது. நிரம்பியது. இன்னும் ஊதினான். தோலின் தையல்கள் இறுகிக் கிறீச்சிட்டன. ஒத்துக்குழலும் பாட்டுக்குழலும் ஒரு சத்தமும் போடவில்லை. அவனுடைய தோள் இறங்கியது. நெஞ்சு இறங்கியது. கன்னம் குழிந்தது. பிறகு வாயை எடுத்தான்.

மூச்செடுக்கப் பார்த்தான்.

வாய் திறந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. ஒன்றும் உள்ளே போகவில்லை. அவளைப் பார்த்தான். இந்த மூன்று கிழமையில் முதல் தடவையாக அது அவனுடைய பார்வையாக இருந்தது. பயந்த பார்வை. கதிரையைப் பிடிக்கப் போய், கதிரையோடு விழுந்தான்.

“யது! யது, இஞ்சை பாருங்கோ!”

மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து ஊதினாள். எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள் இதை. காற்று உள்ளே போகவில்லை. கட்டிய பைக்கு ஊதுவது போலிருந்தது. தலையைச் சாய்த்து மறுபடி. போகவில்லை. மறுபடி. உதடு நீலம்.

பக்கத்தில் பை கிடந்தது. முழுதாக. சூடாக. அவனுடைய மூச்செல்லாம் அதற்குள்.

மடல்கள் பிடித்துக்கொண்டிருந்தன. அவள் கட்டிய கட்டு.

கத்தி. மேசை. குழாயைப் பிடுங்கினாள். நூலை வெட்டினாள். விரலும் வெட்டுப்பட்டது. மடல்களை எறிந்தாள். குழாயைச் சொருகினாள். நுனியை அவன் பற்களுக்கிடையில் வைத்து, உதட்டைக் கையால் பொத்தி, பையை முழங்கையால் அமத்தினாள்.

நெஞ்சு எழும்பியது.

“கடவுளே” என்றாள். அழுதாள். விட்டாள். நெஞ்சு இறங்க, பை எழும்பியது. அமத்தினாள். நெஞ்சு எழும்பியது. உதட்டில் நிறம் வந்தது. மற்றக் கையால் போனை எடுத்து அவசர இலக்கமான மூன்று சைபரை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்தாள். பேரும் விலாசமும் சொன்னாள்.

“இஸ் ஹீ ப்ரீதிங்?” என்று கேட்டாள் போனில் வந்த அம்புலன்ஸ் சேவைப் பெண்.

ராகவி பார்த்தாள். நெஞ்சு. பை. நெஞ்சு. பை.

“யெஸ்” என்றாள்.

“ஓகே, ராகவி. ஒவ்வொரு தடவை அவர் மூச்செடுக்கும்போதும் எனக்கு ‘நவ்’ என்று சொல்லு” என்றாள் அவள் ஆங்கிலத்தில், நிதானமாக. “வண்டி வந்துகொண்டிருக்கிறது.”

“நவ்.” அமத்தினாள். “நவ்.” அமத்தினாள். “நவ்.”

நாலாவது தடவை பை அமரவில்லை. பலகை மாதிரி இருந்தது. இரண்டு கையாலும் அமத்தினாள். முழங்காலை வைத்து அமத்தினாள். யதுர்சனின் நெஞ்சு பள்ளமாகி, சட்டைக்குள்ளால் விலா எலும்பு தெரிந்தது. பை அவனுடையதை எடுத்துவிட்டது. கொடுக்கவில்லை.

“ராகவி? அடுத்த மூச்சு?”

“நொட் யெட்” என்றாள்.

விழுந்த வேகத்தில் ஒத்துக்குழல் கழன்று போயிருந்தது. அது இருந்த இடத்தில், பையின் தோளில், மரவளையத்தோடு ஒரு ஓட்டை. காற்றுப் போகாத ஓட்டை. அதன் விளிம்பு ஈரமாக மினுங்கியது. அவள் பக்கம் திரும்பி இருந்தது. மெல்ல, அவள் முகத்தில் பட, உள்ளே இழுத்தது.

அவளுக்கு விளங்கியது.

உதடு மறுபடி நீலமாகிக்கொண்டிருந்தது. யோசிக்க நேரமில்லை. யோசித்தாலும் அதையேதான் செய்திருப்பாள். குனிந்து, மரவளையத்தில் வாயை வைத்து, நெஞ்சில் இருந்த அவ்வளவையும் ஊதினாள்.

பை அதை எடுத்துக்கொண்டது. பிறகு, கொஞ்சம், யதுர்சனுக்குக் கொடுத்தது.

“ந...வ்” என்றாள்.

தலையை நிமிர்த்தி மூச்செடுத்தாள். பாதிதான் வந்தது. குனிந்து ஊதினாள். அவன் நெஞ்சு எழும்பியது. நிமிர்ந்தாள். கால்வாசி வந்தது. குனிந்தாள். அதன் பிறகு நிமிரவில்லை. வாய் வளையத்தை விட்டு வரவில்லை. பையின் ஒரு வாயில் அவன், மற்ற வாயில் அவள். நடுவில் அது ஏறி இறங்கியது, நிதானமாக, வயிறு நிறைந்தவர் நித்திரை கொள்வது போல.

கராஜ் கதவின் அடியிலிருந்த இடைவெளியால் சிவப்பும் நீலமுமாக வெளிச்சம் உள்ளே வந்து தரையில் சுழன்றது. கதவைத் தட்டினார்கள். பூட்டியிருக்கிறது என்றார்கள். சத்தம் போட்டுக் கேட்டார்கள்.

“ராகவி, அவர்கள் வாசலில் நிற்கிறார்கள். நீ அவர்களைக் கூப்பிட வேணும். கேட்குதா? ராகவி, கூப்பிடு” என்றாள் போனில் அந்தப் பெண்.

அவளுக்கு எல்லாம் கேட்டது. கண்ணை விரித்துக்கொண்டு கதவையே பார்த்தாள். கூப்பிட ஒரு மூச்சு வேண்டும். அது அவளிடம் இருக்கவில்லை. கையின் கீழே, அவளுடையதை எடுத்து, பை இன்னுமொருதரம் மெல்ல எழும்பியது. யதுர்சனின் விரல்கள் பையிலிருந்து நீண்டு தரையில் கிடந்த பாட்டுக்குழலைத் தேடிப் போய், ஒவ்வொன்றாக, துளைகளை மூடின.